ஒரே கருவூலம், வேறு வேறு பள்ளிக்கூடங்கள்

ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை முடிந்த முதல் வாரத்தில், இளங்கலைத் தமிழ் முதலாமாண்டு வகுப்பில் நான் ஒரே கேள்வியைக் கேட்பது வழக்கம்: "தமிழை ஏன் எடுத்தீர்கள்?" வரும் விடைகள் பெரும்பாலும் எனக்கு மனப்பாடம். தாய்மொழிப் பற்று என்பார்கள் சிலர். அதில் பாதி எனக்காகச் சொல்வது. கேட்ட துறையில் இடம் கிடைக்கவில்லை என்று உண்மையைச் சொல்வார்கள் சிலர். சில ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலையிலிருந்து வந்து சேர்ந்த ஒரு மாணவியின் விடை மட்டும் இந்த இரண்டு வகையிலும் அடங்கவில்லை.

"எனக்குக் கணக்குதாங்க ஐயா நல்லா வரும். பதினொன்னாவதுல கணக்கு எடுக்க வாத்தியார் இல்ல. இல்லாத வாத்தியாருக்கு எதுக்கு அந்த குரூப்புல சேரணும்னு அப்பா சொல்லிட்டாரு."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். நானும் அடுத்த பெண்ணிடம் கேள்வியை நகர்த்திவிட்டேன். ஆனால் யாப்பிலக்கணம் தொடங்கிய பிறகு அந்த விடை திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் விரல்விட்டுத் தடுமாறும்போது, அவள் அசையும் சீரும் தளையும் பிரித்து நோட்டை மூடி வைத்திருப்பாள். வெண்பாவில் தளை தட்டும் இடத்தைக் கூட்டல் பிழையைக் காண்பது போலக் கண்டுபிடிப்பாள். தமிழ்த்துறைக்கு நல்ல மாணவி கிடைத்தாள் என்று நான் மகிழ்ந்திருக்கலாம், மகிழவும் செய்தேன். ஆனால் அவள் என் வகுப்புக்கு வந்தது அவள் எடுத்த முடிவால் அன்று. அவள் படித்த மேல்நிலைப் பள்ளியில் கணித முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தது. காகிதத்தில் அந்தப் பாடப்பிரிவு இருந்தது, கரும்பலகையில் இல்லை. அவள் என்ன படிப்பாள் என்பதை அந்தக் காலியிடம் முடிவு செய்தது.

பள்ளிகளுக்கான அரசு நிதியைச் செல்வ மாவட்டங்களுக்கும் ஏழை மாவட்டங்களுக்கும் இடையே சமன் செய்ய வேண்டும் என்று யாராவது பேசினால், கல்வி பற்றி ஓரளவு படித்த நண்பர்கள் உடனே சொல்வது இது: "அது அமெரிக்கப் பிரச்சினை. நம் ஊரில் ஆசிரியர் சம்பளத்தை மாநில அரசு தருகிறது. இங்கே ஏது ஏற்றத்தாழ்வு?" நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த மாணவியின் விடைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே பள்ளிச் செலவில் பெரும்பங்கு அந்தந்த வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து வந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்பது மெக்சிக வம்சாவளியினர் மிகுந்த ஏழைப் பள்ளி வட்டாரம். அலமோ ஹைட்ஸ் செல்வர் வட்டாரம். 1967-68 ஆம் ஆண்டில் எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு ஈடான சொத்து மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலருக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ்காரர்கள் 85 சென்ட் மட்டுமே. கூடுதல் விகிதத்தில் வரி கட்டியும், மாநில, மத்திய உதவிகளைச் சேர்த்தபின் எட்ஜ்வுட் குழந்தைக்குக் கிடைத்தது 356 டாலர். அங்கே 594 டாலர். 1968இல் டெமட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகரத் தொழிலாளியும் வேறு சில பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். 1973 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறகு மாநில நீதிமன்றத்தில் எட்ஜ்வுட் மீண்டும் வழக்காடி 1989இல் வென்றது. செல்வ வட்டாரங்களின் வரி வருவாயில் ஒரு பகுதியை எடுத்து ஏழை வட்டாரங்களுக்குத் தரும் சட்டம் 1993இல் வந்தது.

நிற்க. நம்மிடம் இந்த அநீதி இதே வடிவில் இல்லை என்பது உண்மை. அது தானாக வந்துவிடவுமில்லை. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகள் கல்வி வரி விதிக்க வழி செய்தது. அந்த வழியிலேயே போயிருந்தால், வரி திரளும் ஊரில் பள்ளியும், திரளாத ஊரில் திண்ணையும் என்று நாமும் டெக்சாஸ் ஆகியிருப்போம். 1958 ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் பிறகு தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கைக்கு வந்தன. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். மேட்டூரில் பாடம் நடத்தினாலும் மேல்செங்கத்தில் பாடம் நடத்தினாலும் ஆசிரியருக்கு ஒரே கருவூலம், ஒரே ஊதிய விகிதம். உலகின் பல செல்வ நாடுகள் இன்றுவரை செய்யாத ஒன்றை இங்கே ஓசையில்லாமல் செய்தார்கள். மதிய உணவைப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை.

பாடநூலும் அதே வழியில் சமமானது. மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல், மாநிலம் என்று நான்காகப் பிரிந்து கிடந்ததை ஒன்றாக்க முத்துக்குமரன் குழு பரிந்துரைத்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர்ப் பாடநூல் எல்லாக் குழந்தைகளின் கைக்கும் வந்தது. எனவே தாளில் பார்த்தால் சம்பளம் சமம், நூல் சமம், தேர்வு சமம். தேர்ச்சிப் பட்டியல் மட்டும் சமமாக இல்லை. 2024 மே மாதம் வெளியான பிளஸ் 2 முடிவுகளில் மாநிலத் தேர்ச்சி 94.56 விழுக்காடு; முதலிடம் பெற்ற திருப்பூர் 97.45, கடைசி இடத்தில் நின்ற திருவண்ணாமலை 90.47. ஓர் ஆண்டு முடிவை மட்டும் வைத்து ஒரு மாவட்டத்தை எடைபோடக் கூடாதுதான். ஆனால் பட்டியலின் கடைசிப் பகுதி எங்கள் மாவட்டத்துக்குப் புதிய இடமன்று. 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80.09 விழுக்காடு, கன்னியாகுமரி 91.75, திருவண்ணாமலை 74.21. இந்த இடைவெளியை "அந்த மாவட்டத்து மக்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று ஒரே வரியில் விளக்கிவிடுபவர்களை நான் ஆசிரியர் அறைகளிலேயே பார்த்திருக்கிறேன்.

சம்பளத்தில் மூடிய கதவு வேறு மூன்று வாசல்களில் திறந்து கிடக்கிறது என்பதே என் கருத்து.

முதல் வாசல் காலிப் பணியிடம். 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் தமிழகம் பள்ளிக் கல்வித்துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். இதில் மிகப் பெரும்பகுதி ஊதியம். ஆக, பள்ளி நிதி என்பது நடைமுறையில் ஆசிரியர்தான். ஆசிரியர் இருக்கும் பள்ளிக்குப் பணம் போகிறது, இல்லாத பள்ளிக்குப் போகவில்லை. முதுகலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,900 ரூபாய். அகவிலைப்படியும் மற்ற படிகளும் சேர்க்காமலே ஆண்டுக்கு 4,42,800 ரூபாய் ஆகிறது. என் மாணவி படித்த இரண்டு ஆண்டுகளும் அந்த இடம் காலியாக இருந்தது என்றால், 8,85,600 ரூபாய் அந்தப் பள்ளிக்கு ஒதுக்கப்பட்டுச் செலவாகாமல் போயிற்று என்று பொருள். அவளுடைய பள்ளிக்கு ஒன்பது லட்சம் ரூபாய் நிதி குறைக்கப்படுகிறது என்று ஓர் அரசாணை வந்திருந்தால் சட்டமன்றத்தில் கேள்வி எழுந்திருக்கும், நாளிதழில் தலையங்கம் வந்திருக்கும். காலியிடமாக அதே தொகை கழிந்தபோது யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் தெரிந்தது.

காலியிடங்கள் மாநிலம் முழுவதும் சீராகப் பரவியிருந்தால் இதை மாவட்ட ஏற்றத்தாழ்வு என்று சொல்ல மாட்டேன். அவை பரவும் விதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் மிஷன் பள்ளிகளால் 19ஆம் நூற்றாண்டிலேயே கல்வி வேரூன்றியது. ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் அங்கே மிகுதி. திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று வடக்கே இடங்கள் மிகுதி, தகுதி பெற்ற உள்ளூர்க்காரர்கள் குறைவு. தெற்கிலிருந்து பணி நியமனம் பெற்று வருகிறார்கள். கலந்தாய்வு தோறும் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் பெற்றுப் போகிறார்கள். போன இடம் காலியாகிறது. அடுத்த நியமனம் வரும்வரை காலியாகவே இருக்கிறது. மாவட்டத்துக்குள்ளும் இதே நகர்வுதான்: மலையிலிருந்து அடிவாரத்துக்கு, அடிவாரத்திலிருந்து போளூருக்கு, போளூரிலிருந்து திருவண்ணாமலைக்கு. எல்லாக் காலியிடங்களும் கடைசியில் மலை உச்சியில் போய்ச் சேர்கின்றன.

இதற்காக எந்த ஆசிரியரையும் நான் பழிக்க வரவில்லை. வயதான தாய் தந்தையர் ஓரிடத்தில், கணவர் வேலை ஓரிடத்தில், குழந்தையின் பள்ளி ஓரிடத்தில் என்று இருக்கும்போது மாறுதல் கேட்பது மனித இயல்பு. என் உறவிலேயே ஒருவர் மலைப் பள்ளியிலிருந்து மாறுதல் கேட்டு விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பத்தின் தமிழைத் திருத்திக் கொடுத்தவன் நான். உருக்கமாகத்தான் எழுதிக் கொடுத்தேன், மாறுதலும் கிடைத்தது. அவர் விட்டு வந்த வகுப்பறையைப் பற்றி அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. குறை தனி மனிதரிடம் மட்டுமன்று. விதிகளின் சாய்வும் அப்படி. வீட்டு வாடகைப்படி நகரத்தின் தரத்தைப் பொறுத்தது. சென்னையில் அதிகம், சிற்றூரில் குறைவு. வாடகை கூடிய ஊரில் படி கூடுவதில் தவறில்லை. ஆனால் வாடகைக்கு வீடே கிடைக்காத மலையூரில் வேலை செய்பவருக்கு அதை ஈடுசெய்யும் ஊக்கம் என்ன? குடியிருப்பு இல்லை, மாலையில் இறங்கப் பேருந்து சில தடவைதான். மலைக்குப் போவதைத் தண்டனை போல ஆக்கிவிட்டு, யாரும் போக மறுக்கிறார்கள் என்று வியக்கிறோம்.

காலியிடங்களை நிரப்ப 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியே தற்காலிக ஆசிரியர்களை அமர்த்திக்கொள்ள அரசு அனுமதித்தது. முதுகலைப் பாடத்துக்கு முதலில் 12,000 ரூபாய் தொகுப்பூதியம். பிறகு 18,000 ஆயிற்று. ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் கணிதத்தில் முதுகலையும் கல்வியியலும் முடித்தவர் 12,000 ரூபாய்க்கு மலையேறி வருவாரா? நகரத்திலிருந்து வரும் அறிவிப்பு நகரத்தில்தான் ஆளைக் கண்டுபிடிக்கும்.

இரண்டாம் வாசல் தலைக்கணக்கு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் பள்ளி மானியம் வருகிறது. சுண்ணாம்பு அடிப்பது, மின்கட்டணம், கழிப்பறைத் துப்புரவு, சாக்பீஸ் எல்லாம் இதற்குள். 30 மாணவர்வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய்; 100 வரை 25,000; 250 வரை 50,000; 1,000 வரை 75,000; அதற்கு மேல் ஒரு லட்சம். குழந்தைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பவர்கள், சிறிய பள்ளிக்குத்தானே அதிகம் கிடைக்கிறது என்று வாதிடலாம். ஆனால் ஓடு தலைகளை எண்ணிப் பார்த்து உடைவதில்லை. 28 குழந்தைகள் படித்தாலும் கூரை ஒரு கூரை, கிணற்று மோட்டார் ஒரு மோட்டார், கழிப்பறை ஒரு கழிப்பறை. மலைக்குச் சிமென்ட் மூட்டை ஏற்றும் கூலியை மானிய விதி கேட்பதில்லை.

ஆசிரியர் எண்ணிக்கையும் இதே கணக்கில்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள்வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் ஐந்து வகுப்பு, ஓர் ஆசிரியர். நகரத்துப் பள்ளியில் இரண்டு தெரு தள்ளி வேறொரு பள்ளி இருக்கும், சேர்த்துக்கொள்ளலாம். ஜவ்வாது மலையில் ஊருக்கும் ஊருக்கும் இடையே காடு. அங்கே சிறிய பள்ளி என்பது நிர்வாகக் குறை அன்று, நிலத்தின் அமைப்பு. ஆண்டுதோறும் பணியாளர் நிர்ணயம் நடக்கும்போது தலைக்கணக்கு குறைந்த பள்ளியின் ஆசிரியர் உபரி ஆகிறார். பணிநிரவலில் வேறிடம் போகிறார்.

மூன்றாம் வாசல் நன்கொடை. இதைப் பற்றிச் சொல்லச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. ஏனெனில் நல்ல நெஞ்சங்கள் செய்யும் காரியம் இது. 1958இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. காமராசர் முதலமைச்சர், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். ஊர்மக்கள் தங்கள் பள்ளிக்கு வேண்டியதைத் தாங்களே கொண்டுவந்து தரும் இயக்கமாக அது மாநிலம் முழுவதும் பரவியது. சுந்தரவடிவேலுவின் தன்வரலாறான 'நினைவு அலைகள்' படித்த நண்பர்களுக்கு அந்தக் காலத்தின் சூடு தெரிந்திருக்கும். அரசிடம் பணம் இல்லாத காலம் அது. எல்லா ஊரும் ஏறக்குறைய ஏழை ஊர்தான். நாற்காலியும் மணியும் கடிகாரமும் கொடுத்தார்கள்.

அதே எண்ணத்தின் இன்றைய வடிவம் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம். முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் தாங்கள் விரும்பும் அரசுப் பள்ளிக்கு உதவலாம். ஆனால் 1958க்கும் இன்றைக்கும் இடையே ஊர்களின் செல்வம் மிக விலகிப்போயிற்று. வெளிநாட்டில் பொறியாளராக இருக்கும் முன்னாள் மாணவர் எந்தப் பள்ளிக்கு இருப்பார்? முதல் தலைமுறை இன்னும் பத்தாம் வகுப்பைத் தாண்டாத மலைப் பள்ளிக்கு முன்னாள் மாணவர் சங்கம் எங்கிருந்து வரும்? 2013 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு பெரிய நிறுவனங்கள் தம் நிகர லாபச் சராசரியில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாம் இயங்கும் இடத்தைச் சுற்றிய பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. தொழிற்சாலை இருக்கும் ஊரின் பள்ளிக்குத் திறன் வகுப்பறை. இல்லாத ஊருக்கு வாழ்த்து. எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே செய்யாறு சிப்காட் பக்கத்துப் பள்ளிக்கும் ஜமுனாமரத்தூர்ப் பள்ளிக்கும் இந்த வேறுபாட்டைக் காணலாம். மாவட்டச் சராசரிகூட நம்மை ஏமாற்றும். ஒன்றியம் ஒன்றியமாகப் பார்க்க வேண்டும்.

இந்த ஊரில் வாழ்பவனுக்கு இந்த வேறுபாடு கூடுதலாகவே உறுத்தும். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றுகிறார்கள். கார்த்திகைத் தீபத்தன்று ஊர் கொள்வதில்லை. விடுதிகள் எழுகின்றன, நிலம் விலையேறுகிறது. வெளியூர் அன்பர்கள் திருவண்ணாமலை என்றால் இந்தச் செழிப்பைத்தான் நினைக்கிறார்கள். 1989 செப்டம்பர் 30 அன்று பழைய வடாற்காட்டைப் பிரித்து உருவான இந்த மாவட்டத்தின் பெரும்பரப்பு வானம் பார்த்த வேளாண்மை, பெங்களூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள், ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி ஊர்கள். அண்ணாமலையைச் சுற்ற வருபவர்களின் கண்ணில் அந்த இன்னொரு மலை படுவதில்லை.

அந்த மலைத் தொடரில்தான், இப்போதைய திருப்பத்தூர் மாவட்ட எல்லைக்குள், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வானம் இருட்டாகவும் தெளிவாகவும் இருக்கும் என்பதால் தேர்ந்தெடுத்த இடம். அதே மலையின் பிள்ளைகளுக்கு இயற்பியலும் கணிதமும் சொல்லித்தர ஆளில்லாத ஆண்டுகள் இருந்தன என்பதை என்னால் இயல்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மற்றொன்று. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. மிக நல்ல சட்டம். அதனால் வெள்ளை அங்கி அணிந்த ஏழைப் பிள்ளைகளைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் அந்த ஒதுக்கீட்டின் வாசல்படி பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பாடப்பிரிவு. அந்தப் பிரிவே நடக்காத பள்ளியின் குழந்தைக்கு அந்தச் சட்டம் வேறு யாருக்கோ எழுதியது. சமூக நீதி கடைசிப் படியில் நிற்கிறது. முதல் படி உடைந்து கிடக்கிறது.

இனி மறுப்புகள். கோவையும் திருப்பூரும் ஈட்டும் வரியை எடுத்து வடக்கே கொடுப்பது நியாயமா என்று கேட்கலாம். டில்லியிடம் நாம் வைக்கும் முறையீடும் ஏறக்குறைய அதுதான் என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார்: நம் வரி வேறு மாநிலங்களுக்குப் போகிறது என்று குறைபட்டுக்கொண்டு, மாநிலத்துக்குள் அதையே செய்யச் சொல்கிறாயே என்றார். நல்ல கேள்வி. பன்னிரண்டாவது நிதிக் குழு 2005-10 காலத்துக்கு, கல்விச் செலவில் பின்தங்கிய எட்டு மாநிலங்களுக்கென்று பத்தாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் சமன்பாட்டு மானியம் பரிந்துரைத்தது. அதில் தமிழகம் இல்லை. பீகாரின் குழந்தைக்கு அந்தப் பணம் போனதில் எனக்கு வருத்தமில்லை. நம் குறை, பகிர்வதைப் பற்றியன்று. பகிர்வின் விதியை நம்மைக் கேட்காமல் வகுப்பதைப் பற்றியது. 2024-25 ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று காரணம் காட்டி ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தபோது, கொள்கைச் சண்டைக்குக் குழந்தையின் பங்கைப் பிணை வைக்காதீர்கள் என்று நாம் வாதிட்டோம். 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அந்த வாதம் சரியானது. சரியானது என்பதாலேயே நம் வீட்டுக்குள்ளும் அது செல்லுபடியாக வேண்டும்.

பணம் கொடுத்தால் மட்டும் படிப்பு வந்துவிடுமா என்பது அடுத்த மறுப்பு. வராது. ஆசிரியர் இருந்தும் பாடம் நடக்காத வகுப்புகள் உண்டு. அதை மறைத்து என்ன பயன்? ஆனால் ஆசிரியர் இல்லாமல் பாடம் நடந்த வகுப்பை நான் கேள்விப்பட்டதில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் படிப்பவரும் ஏழைக் குழந்தைதானே என்பார்கள். ஆம். அவர்களிடமிருந்து ஒரு சாக்பீஸைக்கூட எடுக்கச் சொல்லவில்லை. சமன் செய்வது என்றால் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவது என்றே நம் மனம் நினைக்கிறது. அடுத்துக் கொட்டும் மண்ணைப் பள்ளத்தில் கொட்டினாலே போதும்.

செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுபவை சில. முதலில், ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஒரு குழந்தைக்கு உண்மையில் செலவான தொகையை, ஊதியம் உட்பட, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எமிஸ் தளத்தில் எல்லாக் குழந்தைகளின் பதிவும் இருக்கிறது. ஊதியமும் கணினி வழியே போகிறது. இரண்டையும் சேர்த்துக் கூட்டுவது பெரிய வேலையன்று. இரண்டாவது, காலிப் பணியிடத்தின் ஊதியத் தொகை கருவூலத்துக்குத் திரும்பாமல் அந்தப் பள்ளியின் கணக்கிலேயே நிற்க வேண்டும். 36,900 ரூபாயை முழுதாகக் கொடுத்துத் தற்காலிக ஆசிரியரை அழைத்துப் பாருங்கள், மலையேறி வருவார்கள். இடத்தை நிரப்பாமல் விட்டால் அரசுக்கு மிச்சம் எதுவும் இல்லை என்ற நிலை வந்தால், நிரப்பும் வேகமும் கூடும்.

மூன்றாவது, பள்ளி மானியத்தைத் தலைக்கணக்கோடு நிறுத்தாமல் தொலைவு, மலை, பழங்குடி மக்கள்தொகை ஆகியவற்றுக்கும் எடை கொடுத்து வகுக்க வேண்டும். நான்காவது, பெயர் குறிப்பிடாமல் வரும் நன்கொடைகளையாவது பின்தங்கிய ஒன்றியங்களின் பொது நிதியில் சேர்க்க வேண்டும். ஐந்தாவது, மலையில் ஆசிரியர் குடியிருப்பு. மலையில் கழித்த ஆண்டுகளுக்கு மாறுதலில் கூடுதல் மதிப்பு. மலையூர்ப் பிள்ளைகளே ஆசிரியராகத் திரும்பிவர உதவித்தொகை. ஒன்றும் புரட்சி இல்லை. 1981இல் செய்ததைவிடச் சிறிய காரியங்கள்.

தமிழ் படித்தவனுக்கு இதைப் பேச என்ன தகுதி என்று யாராவது கேட்டால், 'மலைபடுகடாம்' இந்த மாவட்டத்து நூல் என்பதை மட்டும் நினைவூட்டுவேன். செங்கண்மாவின், அதாவது இன்றைய செங்கத்தின், நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. பரிசில் பெற்ற கூத்தன் பெறாத கூத்தனுக்கு வழி சொல்வதாக அமைந்த ஆற்றுப்படை அது. மலைவழியின் இடர்களை எல்லாம் பொறுமையாகச் சொல்லிப் போகும் அந்நூலை நடத்தும்போது, தான் பெற்றதும் அடுத்தவனுக்கு வழி சொல்லும் அந்தப் பண்பை வியந்து பேசுவேன். வகுப்பு முடிந்து வெளியே வந்தால், பெற்றவர்கள் கலந்தாய்வில் இறங்கி வந்துகொண்டே இருக்கிறோம். நான் திருத்திக் கொடுத்த விண்ணப்பமும் ஓர் ஆற்றுப்படைதான்; திசை மட்டும் கீழ்நோக்கி.

அந்த மாணவி முதுகலையும் முடித்து இப்போது கல்வியியல் படிக்கிறாள். சென்ற மாதம் பார்க்க வந்திருந்தாள். வேலை கிடைத்தால் மலையிலேயே கேட்டு வாங்கிக்கொள்வேன் என்றாள். "அங்கயே இருக்கிறவ நான், எனக்கென்னங்க ஐயா கஷ்டம்?" மனம் நிறைந்தது. மலைக்கு ஒரு நல்ல தமிழாசிரியர் கிடைக்கப்போகிறார். அவள் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளில் கணக்கு நன்றாக வரும் ஒருத்தி இருப்பாள். அவளுக்குக் கணக்கு எடுக்க யார் போகப்போகிறார்கள் என்பது இன்னும் தெரியவில்லை.